மீனாவுக்கு, 36-ஆம் வார ஸ்கேன் பற்றி

அன்புள்ள மீனா,

கடிதம் கிடைத்தது. காரைக்குடிக்குப் புது மெஷின் வந்து சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம். வருகிற எல்லோருக்கும் 36 வாரத்தில் க்ரோத் ஸ்கேன் (வயிற்றுக் குழந்தையின் வளர்ச்சியை அளக்கும் ஸ்கேன்) எழுதலாமா என்று கேட்டிருக்கிறாய். எழுதலாம். ஆனால் சின்னக் குழந்தைகளில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் அதில் மாட்டும் என்று தெரிந்து எழுது.

கேம்பிரிட்ஜ் ரோசி மருத்துவமனையில் தலைப்பிரசவப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் லான்செட்டில் வந்தது. 28, 36 வாரங்களில் எல்லோருக்கும் ஸ்கேன் செய்து, முடிவை டாக்டர்களுக்குக் காட்டாமல் வைத்திருந்தார்கள். அதனால்தான் அந்தக் கணக்கை நம்புகிறேன். சந்தேகம் வந்தவர்களுக்கு மட்டும் ஸ்கேன் எழுதும் வழக்கமான முறையில், பத்தாம் சென்டைலுக்குக் கீழ் (அதே வாரக் குழந்தைகள் நூறு பேரை எடை வரிசையில் நிறுத்தினால் கடைசிப் பத்தில்) பிறந்த குழந்தைகளில் 20 சதவீதம் முன்கூட்டியே தெரிந்தது. எல்லோருக்கும் எடுத்ததில் அது 57 சதவீதம். இதற்கு ஒரு விலையும் உண்டு. சரியான எடையுள்ள குழந்தைகளில் தவறாகச் 'சிறியது' என்று பெயர் வாங்கியவை நூற்றுக்கு 2 என்பது 10 ஆனது.

நெதர்லாந்தில் ஆபத்துக் குறைவான பதின்மூன்றாயிரம் பெண்களிடம், எல்லோருக்கும் ஸ்கேன் எடுப்பதை வழக்கமான முறையோடு ஒப்பிட்டுச் செய்த ஐரிஸ் ஆய்வு 2019-இல் வந்தது. கண்டுபிடிப்பது 19 சதவீதத்திலிருந்து 32-க்கு ஏறியது. குழந்தைகளுக்கு வந்த கடுமையான பாதிப்போ 1.8-இலிருந்து 1.7 சதவீதம், அதாவது வித்தியாசமே இல்லை. கண்டுபிடித்தபின் என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எல்லோருக்கும் ஸ்கேன் என்று போர்டு மாட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

முதலில் தேதியைச் சரிபார். எந்த வாரத்தில் எவ்வளவு எடை என்று காட்டும் ஹேட்லாக் அட்டவணையில் 34 வாரக் குழந்தையின் நடு எடை ஏறத்தாழ 2.4 கிலோ. 36 வாரத்தின் பத்தாம் சென்டைல் 2.3 கிலோவுக்குச் சற்று மேல். மாதவிலக்குத் தேதி இரண்டு வாரம் பிசகினால் போதும், நன்றாக வளரும் 34 வாரக் குழந்தை பத்தாம் சென்டைலை ஒட்டி வந்து நிற்கும். இதைவிட மோசம் இதன் மறுபக்கம். 36 வாரத்தில் எடுத்த அளவுகளை வைத்து மெஷின் '34 வாரம்' என்று அச்சடிக்கும், அதோடு புதிதாக ஒரு பிரசவத் தேதியும் போடும். அதை யாராவது நம்பித் தேதியைத் தள்ளி வைத்தால், உண்மையிலேயே வளராமல் நிற்கும் குழந்தை நார்மல் ஆகிவிடும். முதல் மூன்று மாத ஸ்கேனில் உச்சி முதல் பிட்டம் வரை அளந்து முடிவான தேதியைப் பிறகு எந்த ஸ்கேனும் மாற்றக் கூடாது. ரிப்போர்ட்டில் அந்தப் பழைய தேதியை முதல் வரியிலேயே எழுதச் சொல்.

அடுத்தது வயிற்றுச் சுற்றளவு. எடைக் கணிப்பைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் அதுதான். ஈரல் சுருங்குவதும் தோலடிக் கொழுப்பு குறைவதும் அங்கேதான் முதலில் தெரியும். படத்தில் வயிறு வட்டமாக இருக்க வேண்டும், முட்டை வடிவம் என்றால் வெட்டு சாய்ந்திருக்கிறது. இரைப்பைக் குமிழ் தெரிய வேண்டும், தொப்புள் சிரை உள்ளே மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வளைய வேண்டும், சிறுநீரகம் தெரியவே கூடாது. பக்கத்துக்கு ஒரு விலா எலும்பு போதும், பலவாகத் தெரிந்தால் வெட்டு சரிவு. அளவுக் கோட்டைத் தோலின் வெளி ஓரத்தில் போட வேண்டும். ப்ரோபை (வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேன் கருவியை) அழுத்தினால் வயிறு நசுங்கும், பனிக்குட நீர் குறைவாக இருந்தால் அழுத்தாமலே நசுங்கும். மூன்று முறை அளந்து சராசரி எடு. 36 வாரத்தில் தலை இறங்கிவிட்டால் தலைச் சுற்றளவு சரியாகக் கிடைக்காது. அதை ரிப்போர்ட்டில் எழுதிவிடு, கிடைத்ததை வைத்து ஒப்பேற்றாதே.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் எடைக் கணிப்பில் 15 சதவீதம் வரை மேலும் கீழும் பிசகு வரும். 2400 கிராம் என்று வந்தால் உண்மை 2040-க்கும் 2760-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். வீட்டாரிடம் கிராம் கணக்கில் பேசாதே. வெறும் 'நார்மல்' என்றும் சொல்லாதே. 36-இல் நன்றாக இருந்த குழந்தை 39-இல் தளரலாம், அசைவு குறைந்தால் உடனே வரச் சொல்.

கேம்பிரிட்ஜ் ஆய்வில் எனக்கு முக்கியமாகப்பட்டது வேறொன்று. எடை பத்தாம் சென்டைலுக்குக் கீழ் இருந்த குழந்தைகளில், வயிற்றுச் சுற்றளவு வளர்ந்த வேகமும் கடைசிப் பத்து சதவீதத்தில் இருந்தவர்களுக்குத்தான் பிறந்தபின் சிக்கல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒல்லியான அம்மாவுக்கு இயல்பாகவே சின்னதாக வரும் குழந்தை வேறு, வளர்ந்துகொண்டிருந்து நின்றுபோன குழந்தை வேறு. ஆகவே முதல் அளவு ஒன்று 28 வாரத்தை ஒட்டி இருந்தால் நல்லது. சந்தேகம் வந்து திரும்ப அளப்பதானால் இரண்டு வாரமாவது இடைவெளி விடு, மூன்று என்றால் இன்னும் நல்லது. ஒரு வாரத்தில் அளந்தால் வருவது கைப்பிசகு, வளர்ச்சி இல்லை. (ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டத்தின் ஃபார்ம் எஃப் நிரப்புவது உன் பாடு!)

ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளரில் தொப்புள் கொடி ரத்த ஓட்டம் நார்மல் என்றதும் திருப்தி அடையாதே. 32 வாரத்துக்குப் பின் வரும் வளர்ச்சிக் குறைவில் அது பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். மூளை நடுத்தமனியையும் பார்த்து இரண்டின் விகிதத்தை எழுது. தமனி தொடங்கும் இடத்துக்கு அருகே, முதல் மூன்றில் ஒரு பங்கில், ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம் பூஜ்யத்தை ஒட்டி, தலையை அழுத்தாமல், குழந்தை அசையாத நேரத்தில் எடுக்க வேண்டும். 2016-இல் நிபுணர்கள் ஒத்துக்கொண்ட வளர்ச்சிக் குறைவின் வரையறைப்படி, மூன்றாம் சென்டைலுக்குக் கீழ் என்றால் அது ஒன்றே போதும். மூன்றுக்கும் பத்துக்கும் இடையில் என்றால், சென்டைல் கோடுகளைத் தாண்டிச் சரிந்திருக்க வேண்டும், அல்லது டாப்ளர் அளவு கெட்டிருக்க வேண்டும்.

சிறியது என்று தெரிந்ததும் அவசரப்பட்டு வலி வரவழைக்காதே. 36 வாரம் தாண்டிய 650 பேரை வைத்து நெதர்லாந்தில் செய்த டிஜிடாட் ஆய்வில், உடனே பிரசவம் பார்த்தவர்களுக்கும் கவனித்துக் காத்திருந்தவர்களுக்கும் குழந்தையின் நிலையில் வித்தியாசம் இல்லை, சிசேரியனும் கூடவில்லை. மூன்றாம் சென்டைலுக்குக் கீழ் என்றால் 37 வாரம் முடிந்ததும் பிரசவத்தை முடித்துவிடுவேன். டாப்ளர் நார்மலாக, மூன்றுக்கு மேல் என்றால் 39 வரை காத்திருப்பேன், வாராவாரம் பார்த்துக்கொண்டு. எப்படியானாலும் பிரசவ வலி நேரம் முழுக்கக் குழந்தையின் இதயத் துடிப்புப் பதிவு ஓட வேண்டும், பிறந்ததும் குழந்தையின் சர்க்கரையையும் உடல் சூட்டையும் பார்க்க வேண்டும். ஸ்கேனால் உறுதியாகக் கிடைக்கும் லாபம் இந்த முன்னேற்பாடுதான்.

மெஷினில் எந்த வளர்ச்சி அட்டவணை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல். ஹேட்லாக்கா, இன்டர்குரோத்தா? இரண்டாவதை உருவாக்கிய எட்டு இடங்களில் நாக்பூரும் ஒன்று. கடைசி வாரங்களில் அதன் கோடுகள் தாழ்வாக ஓடும், அதனால் குறைவான குழந்தைகளே சிறியவை ஆகும். 28-இல் ஒன்றும் 36-இல் இன்னொன்றும் போட்டுவிட்டுக் குழந்தை கோடு தாண்டிவிட்டது என்று பயப்பட வேண்டாம். உன் சோனாலஜிஸ்ட் எடுத்த வயிற்றுப் படங்கள் நாலைந்து அனுப்பு, பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டு.

அன்புடன்,
கலா