தேருக்கு ஆண்டு முழுதும் ஒரு வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசிக் கடைசியில் நடந்த கல்பாத்தித் தேரோட்டம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தபோது, இவ்வாண்டு ஏப்ரலில் ஜப்பானில் கண்ட ஒரு தேர்த் திருவிழா நினைவுக்கு வந்தது. பாலக்காட்டைச் சேர்ந்த எங்களுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

நகோயாவில் வேலை பார்க்கும் மகனிடம் சென்றிருந்த நான், அரை மணி நேர ரயில் தூரத்தில் உள்ள இனுயாமாவுக்குக் கோட்டையைப் பார்க்கத்தான் போனேன். 1537இல் கிசோ ஆற்றங்கரைக் குன்றின்மேல் எழுந்த அந்த மரக்கோட்டை, 2004 வரை ஒரு குடும்பத்தின் சொந்தச் சொத்தாக இருந்ததாம். ஆனால் கோட்டையின் செங்குத்தான படிகளில் ஏறி இறங்கிய களைப்பு, கீழே ஹரித்சுனா ஆலயத்தின் முன் வரிசையாக நின்ற பதின்மூன்று தேர்களைக் கண்டதும் பறந்துவிட்டது.

1635இல் தொடங்கிய விழா அது. ஏப்ரல் முதல் சனி, ஞாயிறுகளில் நடக்கிறது. ஒவ்வொரு தேரும் சுமார் எட்டு மீட்டர் உயரம், மூன்று அடுக்கு. கீழடுக்கில் சரிகை உடுத்த பிள்ளைகள் மேளம் தட்டுகிறார்கள். நடு அடுக்கில் மறைந்திருப்பவர்கள் கயிறு இழுக்க, உச்சியில் பொம்மைகள் ஆடுகின்றன. எனக்கு மெய்சிலிர்த்தது தெருமுனையில்தான். இவ்வளவு பாரமான தேரின் ஒரு பக்கத்தை ஆட்கள் தோள்கொடுத்துத் தூக்கி, சக்கரம் தரையில் படாமல் அப்படியே சுற்றித் திருப்புகிறார்கள். 'தொந்தென்' என்று அதற்குப் பெயர். கல்பாத்தியில் பின்னால் நின்று நெற்றியால் முட்டித் தள்ளும் யானையையும், உருளும் சக்கரத்தின் அடியில் கை வைத்துக் கட்டை போடும் நம் ஆட்களையும் நினைத்துக்கொண்டேன். துணிச்சலில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். இருட்டியதும் தேருக்கு 365 காகித விளக்குகள் வீதம் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மேளம் தட்டிய பையன் ஒருவன் அந்த வெளிச்சத்திலேயே தூணில் சாய்ந்து தூங்கிவிட்டான். எங்கள் ஊர்ப் பிள்ளையேதான்.

ஒவ்வொரு தேரும் அந்தந்தத் தெருவாருடையது. ஆனால் எனக்கு மிகவும் உறைத்தது மறுநாள் கண்டதுதான். கோட்டைக்குப் போகும் வழியில் 'தொந்தென் மண்டபம்' என்ற பெயரில் ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. அங்கே நான்கு தேர்களை ஆண்டு முழுதும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விழாவன்று கூட்டத்தில் எட்டிப் பார்க்க முடியாத சக்கரத்தையும் திரைச்சீலையையும் நின்று நிதானமாகப் பார்க்கலாம். இனுயாமா உட்பட ஜப்பானின் 33 தேர் விழாக்களை 2016இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, அவர்களிடம் காட்டுவதற்கு எல்லாம் கைவசம் இருந்திருக்கும்.

எங்கள் கிராமத்துத் தேரோ (பாலக்காட்டில் அக்ரகாரத்தைத்தான் கிராமம் என்போம்) விழா முடிந்த மறுவாரமே தகரத்துக்குள் போய்விடுகிறது. மழைச்சாரல் பட்டுக் கீழ்ப்பலகைச் சிற்பங்களில் மூக்கு முழி தேய்ந்துவிட்டது. தேரோட்டத்தன்று கேபிள் கம்பிகளை மூங்கில் கழியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் ஓடுகிறார். சென்னையிலும் மும்பையிலும் வளரும் எங்கள் பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வரும்போது, தேர் எங்கே என்று கேட்டால் துருப்பிடித்த பூட்டைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

கல்பாத்தியைச் சுற்றியுள்ள கிராமங்களின் தேர்களில் ஒன்றையாவது, கூரையும் காற்றோட்டமும் உள்ள ஒரு கொட்டகையில் எல்லோரும் பார்க்கும்படி நிறுத்தலாம். கட்டை போடும் பெரியவர்களில் ஒருவரை மாதம் ஒரு ஞாயிறு அங்கே உட்காரவைத்து, எந்தச் சரிவில் எந்தக் கட்டை, எத்தனை விரல் கோணம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லச் செய்யலாம். எங்கள் கிராமத்தில் அது தெரிந்தவர் இன்று ஒருவர்தான். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அடுத்த ஐப்பசிக்கு முன் இது குறித்துக் கிராமத்தார் கூடிப் பேசத் தங்கள் நாளிதழ் வழிவகுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாலக்காடு