ஆற்றில் வாரிய ஆகாயத்தாமரையைத் தோட்டத்தில் போடச் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் நடந்த ஆற்றுத் துப்புரவுப் பணி பற்றிய செய்தியைத் தங்கள் ஞாயிறு இதழில் படித்தேன். வாரியெடுத்த ஆகாயத்தாமரையை வீட்டுக் காய்கறித் தோட்டத்திற்கு உரமாக்கிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. தங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூட அந்த வரியைத் தடுத்து நிறுத்தவில்லை என்பது என்னை மிகவும் வருத்தியது.

ஆகாயத்தாமரை ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் போன்ற கன உலோகங்களை நீரிலிருந்து உறிஞ்சி, பெரும்பகுதியைத் தன் வேரில் தேக்கி வைத்துக்கொள்ளும் செடி என்பது தாங்கள் அறியாததல்ல. அது செழித்திருப்பதை வைத்து ஆறு நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. சாக்கடைச் சத்து கிடைத்தால் போதும், உலோகத்தையும் தாங்கிக்கொண்டு அது ஆற்றையே மூடிவிடும். செடி மட்கும், உலோகம் மட்காது. கரையில் குவித்து அழுகவிட்டால் மழையோடு ஆற்றுக்கே திரும்பும்; பாத்தியில் போட்டால் மண்ணில் தங்கி, நாம் பறித்துச் சமைக்கும் கீரையில் ஏறும்.

எல்லா நீர்ச்செடிகளுக்கும் அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. இளமையில் நான் பிறையில் உலோக முலாம் பூசும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். அதன் பின்புறக் கால்வாயில் தண்ணீர் தெளிவாகவே ஓடும். ஆனால் நீரின் மேல் பச்சைப் பொட்டுகளாக மிதக்கும் லெம்னா என்ற சிறு செடி முதலில் மஞ்சளித்து, பின் வெளுத்து, வேர் உதிர்ந்து அழிந்துபோகும். மேற்பார்வையாளரிடம் சொன்னபோது, தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தைத் தாமிரமும் காட்மியமும் வெளியேற்றிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதால் ஒளிச்சேர்க்கை கெடுகிறது என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நீரின் நச்சுத்தன்மையை அறிய ஆய்வுக்கூடங்கள் இதே லெம்னாவை 7 நாள் வளர்த்துப் பார்க்கின்றன என்றும் அப்போதுதான் தெரிந்தது.

1970களில் கோலா ஜூரு மீனவர்கள் தங்கள் ஆறு கெட்டுப்போனதென்று முறையிட்ட காலத்திலிருந்து நானும் நாளேடுகளைப் பார்த்து வருகிறேன். மீன் செத்து மிதந்தால் படத்தோடு செய்தி வருகிறது. அதற்கு முன்பே செடிகள் கருகியதை யாரும் எழுதுவதில்லை. ஆறுகளின் தரப் பட்டியலைத் தாங்கள் வெளியிடும்போதும் இதே குறைதான். நம் மலேசிய நாட்டின் நீர்த்தரக் குறியீடு கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், கரையாமல் நீரில் கலந்து நிற்கும் திடப்பொருள், அமில-காரத்தன்மை ஆகிய 6 அளவுகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கன உலோகம் அதில் ஒன்றில்லை. அதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். ஆகவே "தூய்மை" என்று பட்டியலில் வரும் ஆற்றின் சேற்றிலும் ஈயம் இருக்கக்கூடும். இதை விளக்கி நான் முன்பு எழுதிய கடிதத்திற்குத் தங்கள் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

2009ஆம் ஆண்டின் தொழிற்கழிவு நீர் விதிமுறை, குடிநீர் எடுக்குமிடத்திற்கு மேற்புறம் விடப்படும் கழிவுநீரில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருக்கக்கூடாது என்கிறது. மற்ற இடங்களில் 0.02 வரை அனுமதி உண்டு. ஒவ்வொரு தொழிற்சாலையும் இந்த வரம்புக்குள் நின்றாலும், ஆண்டுக்கணக்கில் சேற்றில் சேர்வதை அந்த எண் காட்டாது. அந்தச் சேற்றிலும் நீரிலும்தான் கங்கோங் கீரை தானாக முளைத்துப் படர்கிறது. அதைப் பறித்துச் செல்வோர் பெரும்பாலும் வசதியற்றவர்கள் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஐயா, தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். வேரையும் இலையையும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும்வரை அந்த ஆகாயத்தாமரையைக் காய்கறித் தோட்டத்தில் யாரும் போட வேண்டாம் என்று, முதலில் செய்தி வந்த அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். வாரியெடுத்த செடிகளை எங்கே கொட்டினார்கள் என்று தங்கள் நிருபர் ஒருமுறை விசாரித்து எழுதினாலும் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகர்