கப்பலின் அடிவயிற்றையும் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மும்பைத் துறைமுகத்தில் குடியேறும் அயல் கடலுயிர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, கப்பல்கள் நிலைதடுமாறாமல் இருக்கத் தொட்டிகளில் நிரப்பிச் செல்லும் பேலஸ்ட் தண்ணீரைச் சுத்திகரித்தாலே, எதிலும் ஒட்டி வாழ்ந்து தொட்டால் தண்ணீர் பீச்சும் கடல் பீச்சிகளின் தொல்லை தீரும் என்று முடிகிறது. சிப்பிக்கும், கப்பலில் ஒட்டும் ஓட்டுயிரான கொட்டலசுக்கும் (பார்னக்கிள்) இது ஓரளவு பொருந்தும். அவற்றின் லார்வாக்கள், அதாவது இளம்பருவ உயிரிகள், வாரக்கணக்கில் மிதந்து, இரை தின்று வளர்பவை. கடல் பீச்சியின் கதை வேறு. அதன் லார்வா இரையே எடுக்காது. தலைப்பிரட்டை போல வாலடித்துச் சில மணி நேரம் நீந்தும், மிஞ்சினால் ஓரிரு நாள். முட்டையோடு வந்த சேமிப்பு தீர்வதற்குள் எங்காவது தலையை ஒட்டிக்கொண்டாக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து இங்கே வர ஏறக்குறைய ஒரு வாரம். தொட்டிக்குள் அது தாக்குப்பிடிப்பது அபூர்வம்.

2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறையில் இருக்கும் பன்னாட்டு உடன்படிக்கை, வெளியேற்றும் பேலஸ்ட் நீரில் கன மீட்டருக்கு 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள உயிரிகள் 10-க்குக் குறைவாகவே உயிரோடு இருக்கலாம் என்கிறது. நல்ல விதிதான். ஆனால் வளர்ந்த பீச்சி தொட்டிக்கு வெளியே, டிக்கெட் எடுக்காமல் ஒட்டிக்கொண்டு வருகிறது.

எங்கே ஒட்டுகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. பாசி, கொட்டலசு ஒட்டாமல் அடிக்கும் பெயின்ட் பெரும்பாலும் நீரோட்டம் உரசித் தேயத் தேய வேலை செய்யும் வகை. ஓடும் கப்பலின் பக்கவாட்டில் அது நன்றாகவே காக்கும். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் சீ செஸ்ட் என்கிற கம்பிவலை போட்ட குழிக்குள் ஓட்டமும் குறைவு, வெளிச்சமும் குறைவு: பீச்சிக்குப் பிடித்த இடம். தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் டிரை டாக்கில் கப்பலைத் தாங்கும் கட்டைகள் இருந்த இடத்தில் பெயின்ட் ஏறுவதில்லை. அடுத்த முறை கட்டைகளை இடம் மாற்றி வைக்காவிட்டால் அந்தச் சதுரங்கள் மறுபடியும் வெறுமையாகவே போகும். நங்கூரமிட்டுப் பல வாரம் காத்திருக்கும் கப்பல், சரக்குத் தட்டைப்படகான பார்ஜ், தூர் வாரும் டிரெட்ஜர், பம்பாய் ஹை எண்ணெய் வயல் பக்கம் இழுத்துச் செல்லும் துளையிடும் ரிக் ஆகியவை இன்னும் மோசம். மெதுவாக நகர்வதால் ஒட்டியது உதிராமல் ஊர் விட்டு ஊர் போகும்.

சுரண்டிப் போட்டால் போச்சு என்று நினைப்பதும் தவறு. பல சிறு உயிர்கள் ஒரே திரளாகச் சேர்ந்து வாழும் டைடெம்னம் போன்ற பீச்சி வகைகளைத் தண்ணீருக்குள்ளேயே சுரண்டினால் ஒவ்வொரு துண்டும் புதிய இடத்தில் ஒட்டி வளரக்கூடும். வேல்ஸ் நாட்டின் ஹோலிஹெட் துறைமுகத்தில் 2008-இல் டைடெம்னம் வெக்ஸிலம் கண்டுபிடிக்கப்பட்டதும், மிதவை மேடைகளை பிளாஸ்டிக் உறையால் சுற்றிக் கட்டி, உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்து அது சாகும்படி செய்தார்கள். அப்படியும் மறுபடி தலைகாட்டியது. ஆகவே சுரண்டுவதானால் கரையேற்றி, அல்லது கழிவை உறிஞ்சிப் பிடிக்கும் கருவியோடு சுரண்ட வேண்டும்.

கொங்கண் கரையில் கயிற்றில் கல்லுமக்காய் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மென்தோல் கொண்ட சியோனா என்ற பீச்சி, 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் அரை நிமிடம் முக்கினால் சாகும். முதலில் கயிற்றை உலுக்கிச் சிப்பிகளை வாய்மூட வையுங்கள். இல்லாவிட்டால் அவையும் சேர்ந்து போகும். தோல் தடித்த ஸ்டைலா என்ற பீச்சியிடம் இந்த அரை நிமிடக் குளியல் அவ்வளவாகச் செல்லாது.

'தன் மூளையைத் தானே தின்னும் பிராணி' என்று பீச்சியைச் சொன்ன பெட்டிச் செய்தி சுவையானது, சரியானதல்ல. ஒட்டிய பிறகு வாலும் முதுகுநாணும் லார்வாவின் நரம்புத் திரளில் பெரும்பகுதியும் உடலுக்குள் கரைகின்றன. வளர்ந்த உயிரிக்குத் தனி நரம்புத் திரள் உருவாகிறது. இதைவிட வியப்பு, அதன் மேலுறையில் செடிகளைப் போல செல்லுலோஸ் இருப்பது. அதைச் சொல்லியிருக்கலாம்.

எந்த இனம் புதிதாக வந்தது என்று அறியப் பெரிய செலவு வேண்டாம். 14 சென்டிமீட்டர் சதுர பி.வி.சி. தகடுகளைப் படகுத்துறையில் ஒரு மீட்டர் ஆழத்தில் படுக்கைவாட்டில் தொங்கவிட்டு, மூன்று மாதம் கழித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். நிழலில்தான் பீச்சிகள் அமரும். மும்பையை அடுத்த தானே ஊரின் கழிமுகப் பக்கம் மழைக்காலத்தில் உப்பு குறைந்து பெரும்பாலானவை மடியும், ஆகவே அக்டோபரில் தொடங்குவது நல்லது. எடுத்த உயிரியைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் நேராகப் போட்டால் சுருண்டு இனமே தெரியாமல் போகும். கடல்நீரில் மென்தால் படிகம் தூவி, தொட்டாலும் சுருங்காத நிலை வந்த பின்பே 10 சதவீத ஃபார்மலின். மரபணுச் சோதனைக்கென்றால் ஒரு துண்டைத் தனியே ஆல்கஹாலில் வையுங்கள்.

கடைசியாக, கடல் பீச்சி என்று நீங்கள் அச்சிட்ட ஆரஞ்சு நிறப் படம் கடற்பஞ்சு போலத் தெரிகிறது. தனித்து வாழும் பீச்சிக்கு நீர் புக ஒன்று, வெளியேற ஒன்று என இரண்டே துளைகள். தொட்டால் சட்டென்று மூடிக்கொள்ளும். அடுத்த முறை அந்த இரண்டும் தெரிகிற படமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செம்பூர், மும்பை