டி.ஆர்.பி. பட்டியலுக்குக் கீழே நான்கு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாராவாரம் சின்னத்திரைப் பக்கத்தில், டி.ஆர்.பி. எனும் டிவி பார்ப்போர் அளவீட்டை வைத்து வரும் ‘டாப் 5’ சீரியல் பட்டியலுக்குத் ‘தமிழர்கள் கொண்டாடும் தொடர்கள்’ என்று தலைப்பு வைக்கிறீர்கள். பட்டியலில் தப்பில்லை, தலைப்பில்தான் வில்லங்கம்.

டிவி பார்ப்பதை அளக்கும் ‘பார்க் இந்தியா’ அமைப்பு 2015 முதல் வெளியிட்டுவரும் கணக்கு இது. தமிழ்நாடும் புதுச்சேரியும் அதில் ஒரே சந்தை. பெங்களூரு, மும்பைத் தமிழர்கள் இந்தச் சந்தையில் இல்லை; யாழ்ப்பாணமும் கோலாலம்பூரும் பேச்சுக்கே இல்லை. ஆனால் சென்னை சௌகார்பேட்டையில் இந்தி பேசும் வீடு ஒன்று இந்தக் கணக்கில் இருக்கலாம்.

நாடு முழுக்க டிவி உள்ள வீடுகள் 2020 மதிப்பீட்டின்படி 21 கோடி. அவற்றில் எந்த சேனல் ஓடுகிறது என்று குறிக்கும் மீட்டர் பொருத்திய வீடுகள் 2022 வாக்கில் ஏறத்தாழ 55 ஆயிரம். அதாவது ஒரு மீட்டர் வீடு சுமார் 3,800 வீடுகளுக்காகப் பேசுகிறது. மாதிரி எடுத்துக் கணிப்பதில் குற்றமில்லை. ஆனால் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கக்கூடாது. ஒரு பேச்சுக்கு 3,000 மீட்டர் வீடுகளை வைத்துப் பார்ப்போம். ஒரு தொடருக்கு 9.1 சதவீதம், அடுத்ததற்கு 8.9 சதவீதம். வித்தியாசம் ஆறே வீடுகள். இந்த அளவு மாதிரியில் இயல்பாகவே வரக்கூடிய ஏற்ற இறக்கம் இருபக்கமும் 30 வீடுகள் அளவுக்கு இருக்கும். வாரச் சராசரி எடுத்தால் சற்றுக் குறையும், அவ்வளவுதான். இதை நம்பி ‘முதலிடம் பறிபோனது!’ என்று நான்கு பத்தித் தலைப்புப் போடுவது அதிகம்.

மீட்டர் வேலை செய்யும் விதத்தையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். சேனல் ஒளிபரப்பும் இடத்திலேயே ஒலிக்குள், காதுக்குக் கேட்காத அடையாளக் குறி ஒன்றைச் சேர்க்கிறார்கள். டிவி பக்கத்தில் உள்ள மீட்டர் அதைப் படித்து எந்த சேனல் என்று குறித்துக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பது மீட்டருக்குத் தெரியாது. அதற்குத் தனி ரிமோட். பாட்டிக்கு ஒரு பொத்தான், பேரனுக்கு ஒன்று. பாட்டி பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டால், அவர் பார்த்ததாகவே கணக்கு ஏறும். பேரன் அழுத்த மறந்தால் அவன் பார்த்தது கணக்கில் வராது. அதே தொடரை அவன் மறுநாள் கைப்பேசியில் பார்த்தாலும் இந்த மீட்டருக்குத் தெரியாது.

அடுத்து, பட்டியலில் உள்ள எண். அது பார்த்தவர்களின் தலைக்கணக்கு அல்ல, நிமிடத்துக்கு நிமிடம் எடுத்த சராசரி. அரை மணி நேரத் தொடரை 100 பேர் முழுக்கப் பார்த்தாலும், 200 பேர் பாதி பார்த்துவிட்டு எழுந்துபோனாலும் சராசரி ஒன்றே. எத்தனை பேரை எட்டியது என்று எண்ணும் ‘ரீச்’ என்பது வேறு. ஒரு நிமிடம் எட்டிப் பார்த்தவரும் அதில் ஒருவர்தான். செட்-டாப் பாக்ஸைப் போட்டதும் தானாக வந்து நிற்கும் ‘லேண்டிங் பேஜ்’ இடத்தை சேனல்கள் காசு கொடுத்து வாங்குவது இதற்காகத்தான். 2018 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைத் தடுக்கப் பார்த்தது. 2019 மே மாதம் தொலைத்தொடர்பு வழக்குகளுக்கான தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது.

இவ்வளவு ஓட்டையோடு இருக்கும் அளவுகோலுக்கு ஏன் இத்தனை மவுசு என்றால், இது விளம்பரதாரருக்காகச் செய்த அளவுகோல். குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பையும், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டூவீலர் என 11 பொருட்களில் எத்தனை வீட்டில் உள்ளன என்பதையும் வைத்து வீடுகளைத் தரம் பிரிக்கிறார்கள். சோப்பு விற்பவருக்கும் கார் விற்பவருக்கும் வேண்டிய வீடுகள் வேறு வேறு. சனி முதல் வெள்ளி வரையிலான வாரத்தின் கணக்கு வியாழக்கிழமை வருகிறது. அதைப் பார்த்துத்தான் நேரம் மாற்றுவது, புதுக் கதாபாத்திரத்தை இறக்குவது, சரிந்த தொடரை இன்னொன்றோடு முடிச்சுப் போட்டு ‘மகா சங்கமம்’ என்று ஒரு மணி நேரம் ஓட்டுவது எல்லாம் நடக்கிறது. கேட்டால், ‘மக்கள் விரும்புவதைத்தான் கொடுக்கிறோம்’ என்பார்கள். இரவு எட்டரைக்கு எல்லா சேனலும் மாமியார் கதையே போட்டால் அவற்றில் எது கூடுதலாகப் பார்க்கப்பட்டது என்று மட்டும்தான் மீட்டர் சொல்லும். அந்த வாதத்துக்கு வாராவாரம் சான்றிதழ் கொடுப்பது உங்கள் தலைப்பு.

ஆகவே பட்டியலுக்குக் கீழே சிறிய எழுத்திலாவது இவற்றைப் போடுங்கள்: எந்த வாரம் (தேதியோடு), எந்தச் சந்தை, நகரமும் கிராமமும் சேர்த்தா, எந்த வயதினர், எண் சராசரியா, ரீச்சா, மீட்டர் உள்ள வீடுகளில் மட்டும் எடுத்த கணிப்பு என்ற குறிப்பு. இரண்டு தொடர்களுக்கு இடையே அரைக்கால் புள்ளி வித்தியாசம் என்றால் சமநிலை என்றே எழுதலாம்.

செய்தி சேனல்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். பார்ப்பவர்கள் குறைவு என்பதால் பிழையின் பங்கு அங்கே பெரிது. மேலே சொன்ன 3,000 வீடுகளில் ஒரு சதவீதம் என்றால் முப்பதே வீடுகள். அது 19 ஆகவும் இருக்கலாம், 41 ஆகவும் இருக்கலாம். 2020 அக்டோபரில் மும்பையில் எழுந்த மோசடிப் புகாருக்குப் பிறகு நிறுத்தப்பட்ட செய்தி ரேட்டிங், 2022 மார்ச்சில் திரும்ப வந்தபோது நான்கு வாரச் சராசரியாகத்தான் வந்தது. அப்படி வரும் எண்ணை வைத்து ‘இந்த வாரம் நம்பர் 1’ என்று எந்த சேனல் விளம்பரம் கொண்டுவந்தாலும், அச்சேற்றும் முன் எந்த நான்கு வாரம் என்று உங்கள் விளம்பரப் பிரிவு கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், ஈரோடு