நடுங்கும் மணப்பெண்ணைச் சிரிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர்காலத்தில் மலைமேல் ஏறி, சுற்றிலும் பனி கிடக்க கல்யாணப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. உங்கள் இதழிலும் அந்த மாதிரிப் படங்கள் வருகின்றன. அழகான படங்கள்தான், நானும் ரசித்துத்தான் பார்க்கிறேன். ஆனால் நானும் கல்யாணப் படம் எடுக்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் என் கண் வேறு ஒன்றில் போய் நிற்கிறது. மாப்பிள்ளை கோட்டும் ஷூவும் போட்டிருப்பார், கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் தடித்த ஜாக்கெட், தொப்பி, கையுறை என்று முழுசாகப் போர்த்திக்கொண்டிருப்பார், மணப்பெண் மட்டும் தோளும் கையும் திறந்த மெல்லிய உடையில் நிற்பார். இன்னும் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று முடிவு செய்வது யார் என்றால், அந்த இடத்திலேயே குளிர் கொஞ்சமும் உறைக்காத ஆள். இது சரியில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அடிவாரத்தில் போனில் பார்த்த வெப்பநிலையை நம்பி மேலே போகிறார்கள். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைந்துவிடும். அதோடு காற்று வேறு. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், மூடாத தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 20 டிகிரி. காட்சி நன்றாக இருக்கிறதே என்று நாம் தேடிப்போகிற முகடும் மேட்டு விளிம்பும் காற்று நேராக வந்து அறைகிற இடங்கள். கொஞ்சம் கீழே இறங்கி மரங்களின் மறைவில் நின்றால் பின்னால் அதே மலைதான் தெரியும், மணப்பெண்ணும் தோளைக் குறுக்காமல் நிமிர்ந்து நிற்பார்.

அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இத்தனை பேர் நமக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்களே என்று நினைத்து, "பரவாயில்லை, இன்னும் ரெண்டு எடுங்க" என்றுதான் சொல்வார். அதனால் கேட்பதை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். பூங்கொத்தைப் பிடித்திருக்கும் விரல்கள் தடுமாறுகின்றனவா, பேச்சு குழறுகிறதா, சொன்னது புரியாமல் விழிக்கிறாரா? உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா, அது இப்படித்தான் ஆரம்பிக்கும். அதுவரை நடுங்கிக்கொண்டிருந்தவர் போர்வையோ சூடோ இல்லாமலேயே திடீரென்று நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால், குளிர் பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு அடுத்த படத்துக்குப் போகாதீர்கள். நடுங்கக்கூட உடம்பில் சக்தி இல்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம், உடனே உள்ளே கொண்டுபோய் மருத்துவ உதவி தேட வேண்டிய நேரம் அது. விரல் நுனியோ காது மடலோ வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கவே கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் மோசம். குளிருக்கு நல்லது என்று மது கொடுக்கிறவர்களும் உண்டு, அது தோலில் சூடு ஏறிய மாதிரி ஒரு உணர்வைக் கொடுத்துவிட்டு உடம்பின் வெப்பத்தை வெளியே விட்டுவிடும்.

அப்புறம் மோதிரம். குளிரில் விரல் சுருங்கும், வீட்டில் இறுக்கமாக இருந்த மோதிரம் மேலே தானாகக் கழன்று விழலாம். புதுப் பனியில் விழுந்தால் அது போன இடம் ஒரு சின்னத் துளையாகத்தான் தெரியும், தேடுகிறேன் என்று நாலு பேர் மிதித்தால் அந்தத் துளையும் போய்விடும்.

மணமக்கள் வெளியே நிற்கும் நேரத்தைக் குறைக்க முடியுமா என்றால், தாராளமாக முடியும், அது முழுக்க எங்கள் கையில்தான் இருக்கிறது. பனி மூடிய இடத்தில் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் ஏமாறும், எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பதால் வெண்பனி அழுக்காகவும் முகங்கள் இருட்டாகவும் விழும். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) எக்ஸ்போஷரை ஏற்றினால்தான் சரியாக வரும், நிழல்களில் படியும் நீலத்துக்கு ஒயிட் பேலன்ஸ் என்ற நிறச் சரிசெய்தலையும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் மணப்பெண்ணை நிற்கவைத்துக்கொண்டு செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஜாக்கெட் போட்ட உதவியாளரை அந்த இடத்தில் நிறுத்தி எல்லாம் சரிபார்த்துவிட்டு, மணமக்கள் கடைசியாக வந்து போர்வையைக் கழற்றினால் போதும். பத்து நிமிடம் வெளியே, அப்புறம் உள்ளே போய்ச் சூடேற்றிக்கொண்டு வருவது, திரும்பவும் பத்து நிமிடம், காற்று பலமாக இருந்தால் அதுவும் கிடையாது. நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். பேட்டரிகள் குளிரில் சீக்கிரம் படுத்துவிடும் என்பதால் மாற்று பேட்டரியை உடம்பை ஒட்டிய உள்பையில் வைத்திருப்பது எல்லா போட்டோகிராஃபருக்கும் தெரியும், பேட்டரிக்குக் காட்டுகிற அந்தக் கரிசனத்தைத்தான் மணப்பெண்ணுக்கும் கேட்கிறேன்.

சூரியனையும் கணக்கில் வையுங்கள். அஸ்தமன நேரம் என்று போன் காட்டுவது சமவெளிக் கணக்கு, பள்ளத்தாக்கில் அதற்கு வெகு முன்பே வெயில் முகட்டுக்குப் பின்னால் போய்விடும், போன கையோடு குளிரும் ஏறும். ஒரு நாள் முன்னதாகப் போய் எந்த இடத்தில் எப்போது வெயில் விலகுகிறது என்று பார்த்துவைப்பதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. அப்படிப் போகிறபோது, படத்தில் வரப்போகும் பனிப்பரப்பை மிதித்துவிடாமல் எந்தப் பக்கமாக நடப்பது என்றும் முடிவு செய்துவிடலாம், மிதித்த பனியைத் திரும்பப் புதுசாக்க முடியாது.

உடை விஷயத்தில் பெண் வீட்டாரும் தயங்க வேண்டியதில்லை. நீளமான உடைக்குள் கம்பளி தெர்மல் உள்ளாடையும் கனமான பூட்ஸும் போட்டால் கேமராவில் தெரியவே தெரியாது. நிற்கிற இடத்தில் உடை விளிம்புக்குள் மறைகிற மாதிரி ஒரு துண்டு ஃபோம் பாயைப் போட்டுவிடுங்கள், பாதம் வழியாகப் போகிற சூடு நிறையக் குறையும். கழுத்தில் கனமான உலோக நகை என்றால் படம் எடுக்கும் வரை அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துச் சூடாக வைத்திருங்கள்.

இன்னொன்று, இதை எங்கேயும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நடுநடுவே சூடேற்றிக்கொள்ள மணமக்களைக் காருக்குள் உட்காரவைத்து இன்ஜினை ஓடவிடுகிறார்கள். கார் பனியில் புதைந்த மாதிரி நின்றால் புகைக்குழாய் அடைபட்டு கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை இல்லை, நிறமும் இல்லை, தலைவலியும் தூக்கமும் வரும், களைப்பு என்று நினைத்துக் கண்ணை மூடிவிடுவார்கள். இன்ஜினைப் போடும் முன் ஒவ்வொரு முறையும் ஒருவர் பின்னால் போய்க் குழாயைச் சுற்றிப் பனியை ஒதுக்க வேண்டும்.

உறைந்த ஏரி, முகட்டு விளிம்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பனிக்கூரை, இவை இரண்டின் மேலும் யாரையும் நிறுத்தாதீர்கள். ஏரியில் பனிக்கட்டி எவ்வளவு தடிமன், பனிக்கூரைக்குக் கீழே பாறை இருக்கிறதா காற்று இருக்கிறதா என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படிப் படங்களை வெளியிடும்போது எடுத்த இடத்தின் பெயரோடு, அன்று எத்தனை டிகிரி, மணமக்கள் எவ்வளவு நேரம் வெளியே நின்றார்கள், மணப்பெண் உள்ளே என்ன போட்டிருந்தார் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அடுத்த குளிர்காலத்துக்கு இப்போதே தேதி குறித்துக்கொண்டிருப்பவர்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் போட்டோகிராஃபரிடம் அதையே கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு கல்யாண போட்டோகிராஃபர்