நித்யாவின் கோச் சொன்னது தப்பில்லை

கோயம்புத்தூர்

அன்புள்ள சுமதிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முதலில் இங்குள்ள சேதியைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இத்தனை நாள் காதால் கேட்டுக்கொண்டிருந்த சீரியலில் யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று இப்போதுதான் பார்த்து, எல்லோர் மேலும் அதிருப்தியில் இருக்கிறாள். பெரியவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். என் முட்டி அப்படியேதான் இருக்கிறது. சனிக்கிழமை கிளப்பில் டென்னிஸ் இரண்டு செட் ஆடினால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஐஸ் பையோடு உட்கார வேண்டியிருக்கிறது. ஆனாலும் விடுவதாக இல்லை.

சரி, உன் மகள் நித்யாவின் டென்னிஸ் விஷயத்துக்கு வருகிறேன். 'இனி இரட்டையரில் கவனம் வைக்கச் சொல்லுங்கள்' என்று அவளுடைய கோச் சொன்னதை, பெண் பார்க்க வந்தவர்கள் தங்கையைக் கேட்டுவிட்டுப் போன மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறாய். கோபம் உன் கையெழுத்திலேயே தெரிகிறது. ஒற்றையரில் தேறாதவர்கள் போய்ச் சேரும் இடம் இரட்டையர் என்று நீ எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்கு காரா பிளாக் ஞாபகம்தான் வந்தது.

1999-ல் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் சென்னை ஓப்பன் ஜெயித்த பைரன் பிளாக்கை நீ மறந்திருக்க மாட்டாய். குட்டையான ஜிம்பாப்வேக்காரர், ஃபோர்ஹேண்டையும் இரண்டு கையால் அடிப்பார். அவருடைய தங்கைதான் காரா. 1979-ல் பிறந்தவள், ஏறக்குறைய நம் வயது. அப்பா டான் பிளாக் 1950-களில் விம்பிள்டன் ஆடியவர். ஹராரே பக்கத்தில் அவருக்கு ஒரு அவகாடோ தோட்டம். அங்கேயே புல் கோர்ட் போட்டுப் பிள்ளைகளை ஆடவிட்டார். மூன்று பேரும் பின்னால் கிராண்ட்ஸ்லாம் என்கிற நான்கு பெரிய போட்டிகளில் இரட்டையர் பட்டம் ஜெயித்தார்கள். பைரன் 1994-ல் பிரெஞ்சு ஓப்பன். நடு அண்ணன் வேன் 2001-ல் அமெரிக்க ஓப்பனும் 2005-ல் ஆஸ்திரேலிய ஓப்பனும். காராவின் கணக்கு மகளிர் இரட்டையரில் ஐந்து, கலப்பு இரட்டையரில் ஐந்து. வீட்டில் கடைக்குட்டி, அண்ணன்மார் இருவரையும் சேர்த்தாலும் அவளை எட்ட முடியாது.

நீ கவனிக்க வேண்டியது இதை: அவள் ஒற்றையர் ஆடத் தெரியாமல் இந்தப் பக்கம் வந்தவள் கிடையாது. 1997-ல் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டிலும் ஜூனியர் ஒற்றையர் சாம்பியன் அவள்தான். அப்புறம் பெரியவர்கள் ஆட்டத்துக்கு வந்தபோது உலகத் தரவரிசையில் 31 வரை போனாள். 2002-ல் ஹவாயில் ஒரு பட்டமும் எடுத்தாள். அதற்கு மேல் போகவில்லை. ஐந்தரை அடி உயரம், எதிரே டேவன்போர்ட், வில்லியம்ஸ் சகோதரிகள் என்று ஒவ்வொருத்தியும் பந்தைப் பிளந்துவிடுகிற மாதிரி சர்வ் போடும் காலம். முழுக் கோர்ட்டையும் தனியாகக் காக்கிற ஆட்டத்தில் அவளுக்கு இருந்த எல்லை அது.

இரட்டையரில் கணக்கே வேறு. பாதிக் கோர்ட்தான் உன்னுடையது, ஆனால் யோசிக்கக் கிடைக்கும் நேரமும் பாதிதான். நெட்டில் நிற்கிறவளுக்குப் பந்து வருவது தெரியுமுன் கை போயிருக்க வேண்டும். பார்ட்னர் சர்வ் போடும் கணத்தில் எதிராளியின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, குறுக்கே பாய்வதா, பாய்வது போல் காட்டிவிட்டு நின்றுகொள்வதா என்று முடிவெடுக்க வேண்டும். ரிட்டர்னை நெட்காரியின் கைக்கு எட்டாமல், சர்வ் போட்டவளின் காலடியில் தாழ்வாக வைக்க வேண்டும். இதற்கெல்லாம் உயரம் கொஞ்சம் உதவும். அதைவிட அதிகம் உதவுவது வேகமான கையும், இரண்டு அடி முன்கூட்டியே நகர்கிற புத்தியும். காராவிடம் அவை இருந்தன. பந்து தரையில் படுமுன் வாலி அடிக்கும்போது அவள் ராக்கெட்டை வீசவே மாட்டாள். வைத்துத் தொடுவாள், பந்து காலியான இடத்தில் போய் விழும். யூடியூபில் தேடிப் பார், நித்யாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அவளுடைய பார்ட்னர்களின் கதை. 2000 அமெரிக்க ஓப்பனில் ரஷ்யாவின் எலெனா லிகோவ்ட்சேவாவோடு இறுதி வரை போய்த் தோற்றாள். 2004 விம்பிள்டனில் ஆஸ்திரேலியாவின் ரென்னே ஸ்டப்ஸோடு ஜெயித்தாள். அந்த இறுதியில் நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்று தோற்றவர்கள் லீசல் ஹூபரும் ஐ சுகியாமாவும். அதே விம்பிள்டனில் அண்ணன் வேனோடு கலப்பு இரட்டையரும் எடுத்தாள். அடுத்த வருஷமே அந்த ஹூபரோடு சேர்ந்து விம்பிள்டனை மறுபடி ஜெயித்தாள். 2006-ல் மீண்டும் ஸ்டப்ஸ், 2007-ல் மீண்டும் ஹூபர். அந்த வருஷம் ஆஸ்திரேலிய ஓப்பன், விம்பிள்டன் இரண்டும் அவர்களுக்கு. 2008-ல் அமெரிக்க ஓப்பன்.

அந்த 2008 அமெரிக்க ஓப்பனில்தான் வேடிக்கை. கலப்பு இரட்டையர் இறுதியில் காரா நம்ம லியாண்டர் பயஸோடு. எதிரே ஜேமி மர்ரேயோடு நின்றது யார் என்று நினைக்கிறாய்? ஹூபர். மகளிர் இரட்டையரில் ஒன்றாக நின்று கையைத் தட்டிக்கொள்கிற இரண்டு பேர், கலப்பு இரட்டையரில் ஒருவர் உடம்பைக் குறிவைத்து இன்னொருவர் அடிக்க வேண்டும். காராவும் பயஸும் ஜெயித்தார்கள். மகளிர் பட்டத்தைக் காராவும் ஹூபரும் சேர்ந்து தூக்கினார்கள். நம் ஊர் அபார்ட்மெண்ட் கேரம் போட்டியில் இப்படி நடந்தால் மூன்று மாதம் பேச்சு வார்த்தை இருக்காது!

2010 ஏப்ரலில் அந்த ஜோடியும் பிரிந்தது. மூன்று வருஷம் தொடர்ந்து ஆண்டு முடிவில் முதலிடத்தில் இருந்த ஜோடி. ஆனால் 2009 அமெரிக்க ஓப்பன் இறுதியிலும் 2010 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியிலும் வில்லியம்ஸ் சகோதரிகளிடம் தோற்றிருந்தார்கள். அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஜோடிக்குள் நடப்பது ஜோடிக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும் நிச்சயம்: இந்தத் தொழிலில் பிரிவது யாருக்கும் அதிசயம் இல்லை. ரேங்கிங் புள்ளிகள் ஆளுக்குத் தனித்தனி. ஜோடி உடைந்தாலும் உன் புள்ளி உன்னோடு வரும், அடுத்த பார்ட்னரைத் தேடிக்கொண்டு போக வேண்டியதுதான். பிரிந்த அந்த வருஷமே பயஸோடு விம்பிள்டன் கலப்பு இரட்டையரை ஜெயித்தாள் காரா. ஜனவரியில் அவரோடு ஆஸ்திரேலிய ஓப்பனையும் எடுத்திருந்ததால், கலப்பில் நான்கு கிராண்ட்ஸ்லாமும் அவள் கணக்கில் முழுமையாக இருந்தது. மகளிர் இரட்டையரில் அப்படி முடிக்க பிரெஞ்சு ஓப்பன் ஒன்றுதான் பாக்கி. 2005 இறுதியில் முதல் செட்டை எடுத்த பிறகு ருவானோ பாஸ்குவல், சுவாரெஸ் ஜோடியிடம் அது நழுவிப்போனது. கடைசி வரை கிடைக்கவில்லை.

இன்னொன்றும் யோசித்துப் பார். இதெல்லாம் நடந்த காலத்தில் அவளுடைய நாடு எப்படி இருந்தது? 2008-ல் ஜிம்பாப்வேயில் விலைவாசி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. 2009 ஜனவரியில் அச்சடித்த நோட்டில் ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு பூஜ்ஜியம். அந்த நாட்டின் பெயர் ஸ்கோர்போர்டில் காராவின் பெயருக்குப் பக்கத்தில் உலக முதலிடத்தில் இருந்தது. மொத்தம் 163 வாரம் அவள் அந்த இடத்தில் இருந்தாள். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஹூபர் 2007-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று அந்த நாட்டுக்காக ஆடினார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காரா கடைசி வரை ஜிம்பாப்வேக்காரியாகவே ஆடினாள்.

இப்போது உனக்குத் தெரிந்த பெயருக்கு வருகிறேன். 2004-ல் ஹைதராபாத் ஓப்பனில் சானியா மிர்சா எடுத்த முதல் டபிள்யூடிஏ (மகளிர் தொழில்முறை டூர்) பட்டம் இரட்டையரில்தான், பார்ட்னர் இதே ஹூபர். அப்புறம் ஒற்றையரில் 27-ஆம் இடம் வரை போய், முட்டியிலும் மணிக்கட்டிலும் ஆபரேஷன் செய்துகொண்டு, 2013-ல் சானியா ஒற்றையரை விட்டுவிட்டாள். அதே நேரத்தில்தான் குழந்தை பெற்றுத் திரும்பி வந்திருந்த காராவோடு சேர்ந்தாள். சேர்ந்த சூட்டோடு டோக்கியோ, பெய்ஜிங் பட்டம் இரண்டும் அவர்களுக்கு. பின்னாலிருந்து சானியாவின் ஃபோர்ஹேண்ட் எதிராளியைத் தடுமாற வைக்கும், முன்னால் காரா முடித்துவிடுவாள்.

2014 அக்டோபரில் சிங்கப்பூரில் ஆண்டு இறுதிப் போட்டி. இதோடு நம் ஜோடி முடிகிறது என்று இருவருக்கும் தெரிந்தே ஆடினார்கள். அரையிறுதியில் மேட்ச் பாயிண்டைக் காப்பாற்றித்தான் தப்பித்தார்கள். இறுதியில் எதிரே நடப்புச் சாம்பியன்கள் சியே சு-வெய், பெங் ஷுவாய். ஸ்கோர் 6-1, 6-0. ஒரு ஆண்டு இறுதிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் எதிராளிக்கு விட்டது ஒரே ஒரு கேம்! பிரியப் போகிற ஜோடி என்றால் மனசு எங்கேயோ இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். இவர்கள் ஆடியது எதிர்மாறாக. காராவின் கடைசிப் பெரிய பட்டம் அது. 2015-ஐ சானியா யாரோடு தொடங்கினாள் தெரியுமா, அந்த இறுதியில் தோற்ற சியேயோடு. அது சரிப்படவில்லை. மார்ச்சில் மார்ட்டினா ஹிங்கிஸோடு சேர்ந்தாள், ஏப்ரலில் உலக முதலிடம், ஜூலையில் விம்பிள்டன். மீதி உனக்கே தெரியும்.

நீ கேட்ட காசு விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன், அதில் உன் பயம் நியாயமானது. 2025 விம்பிள்டனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 30 லட்சம் பவுண்டு. மகளிர் இரட்டையர் ஜோடிக்கு 6,80,000, அதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். சின்னப் போட்டிகளில் இரட்டையர் காசு விமான டிக்கெட்டுக்கே சரியாகிவிடும். அதோடு, ஒற்றையர் ரேங்கிங்கைக் காட்டியும் பெரிய போட்டிகளின் இரட்டையரில் நுழையலாம் என்பதால், இரட்டையர் மட்டும் ஆடுகிறவர்களுக்கு இடம் கிடைப்பது இன்னும் கஷ்டம். டூர் போட்டிகளில் மூன்றாவது செட்டுக்குப் பதிலாக 10 புள்ளி டை-பிரேக் வேறு. கொஞ்சம் கண் அசந்தால் மேட்ச் போய்விடும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு இறங்கினால் சரி. தெரியாமல் இறங்கினால்தான் வீட்டு மனையை விற்கும் பேச்சு வரும். உன் வீட்டுக்காரர் ஏற்கெனவே அந்தப் பேச்சை எடுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்.

என் அபிப்பிராயம் இதுதான். நித்யாவுக்குப் பதினேழு வயசு. ஒற்றையரை இப்போதே விடச் சொல்லாதே. ரிட்டர்னும் கால் வேகமும் அதில்தான் வளரும், ரேங்கிங் கதவும் அந்தப் பக்கம்தான் இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. கூடவே இரட்டையரையும் ஒரு தொழிலாக, ஒழுங்காகக் கற்றுக்கொள்ளட்டும். கோச்சிடம் 'ஏன் இரட்டையர்' என்று சண்டை போடாமல், 'இவளிடம் எதைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள்' என்று கேள். கை வேகத்தைப் பார்த்தேன், நெட்டில் பயப்படாமல் நிற்பதைப் பார்த்தேன் என்று சொன்னால், அவர் ஆட்டம் தெரிந்தவர். உயரம் போதவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டால் வேறு கோச்சைப் பார்.

பார்ட்னர் விஷயத்திலும் ஒன்று. அவள் இப்போது தன் உயிர்த்தோழியோடுதான் ஆடுவேன் என்று அடம்பிடிப்பதாக எழுதியிருந்தாய். நாம் இரண்டு பேரும் காலேஜில் அப்படித்தான் ஆடினோம். சந்தோஷமாக ஆடினோம், இரண்டாவது ரவுண்டைத் தாண்டவில்லை, நமக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்குப் போதாது. இரண்டு பேருமே பேக்ஹேண்ட் பக்கம் நிற்க விரும்புகிறார்கள் என்றால், இரண்டு பேருமே பின்னால் நின்று அடிக்கிறவர்கள் என்றால், எத்தனை சிநேகம் இருந்தாலும் அந்த ஜோடி ஓடாது. வேறு வேறு ஆட்களோடு ஆடிப் பார்க்கட்டும். யாரோடு ஆடினால் இவள் சர்வ் போடும் கேம் எதிராளி கைக்குப் போகாமல் நிற்கிறது என்று நீ நோட்டில் குறித்து வை. கணக்கு டீச்சர் நீ, உனக்கா சொல்லித்தர வேண்டும்! தோழியோடு சினிமாவுக்குப் போகட்டும், அதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

மே கடைசியில் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை வருகிறோம். குரோம்பேட்டையில் தங்குவதாக இருக்கிறோம், உன் வீட்டுக்கு ஒரு நாள் கட்டாயம் வருவேன். அன்றைக்கு நித்யாவுக்குப் பிராக்டிஸ் இருந்தால் என்னையும் கூட்டிக்கொண்டு போ. அவள் நெட்டில் நிற்பதை ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு இந்தச் சண்டையை நேரில் தொடரலாம். அம்மா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். போன தடவை நீ கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துபோய் நாளாகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
ராஜி