தங்கச்சிக்கு: அறையைப் பிரிப்பதற்கு முன்

உன் இரட்டையரில் சின்னவனை இனி ராத்திரியில் நம் அம்மாவோடு தனி அறையில் படுக்கவைக்கப் போகிறாய் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் இரண்டு பேருக்கும் ஒரு வயது. அதற்குள் ஒரு முழு ராத்திரியாவது தூங்கிவிட மாட்டோமா என்று நீ ஏங்குவதில் தப்பே இல்லை. ஆனால் அறையைப் பிரித்தால் அந்தத் தூக்கம் வந்துவிடாது. நீ போனை எடுப்பதில்லை. இரட்டைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு தவிக்கிற வேறு சிலரும் இதையே என்னிடம் கேட்கிறார்கள். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

சின்னவன் அழுகிறான், அந்தச் சத்தத்தில் பெரியவள் எழுந்துவிடுகிறாள், பிறகு இரண்டு பேரையும் தூங்கவைப்பதற்குள் விடிந்துவிடுகிறது. இதுதானே நீ சொல்வது? பிறந்த நாளிலிருந்து ஒருத்தர் அழ இன்னொருத்தர் தூங்கியே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும் இரட்டையர் பெரும்பாலும் கூடப்பிறந்ததன் அழுகையைக் கேட்டு லேசாக அசைவார்கள், அவ்வளவுதான். ஒரு சின்னச் சத்தத்துக்கே பெரியவள் முழுசாக விழித்துக்கொள்கிறாள் என்றால் அவள் தூக்கமே மேலோட்டமாக இருக்கிறது. அதற்கான காரணத்தையும் அம்மாவே சொன்னாள்: மூன்று வாரமாகக் காலைத் தூக்கத்தை நிறுத்திவிட்டாயாம். ராத்திரித் தொல்லையும் மூன்று வாரமாகத்தான்.

நிறுத்தச் சொன்னது யார் என்று இங்கே எழுதமாட்டேன். நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார்கள். பகலில் தூங்கவிடாமல் வைத்திருந்தால் ராத்திரி அடித்துப் போட்டதுபோல் தூங்கும் என்பது பெரியவர்களுக்குச் சரி, இந்த வயசுக்குச் சரியில்லை. தாங்கும் நேரத்தைத் தாண்டி விழித்திருக்கும் குழந்தையின் உடம்பு, விழிப்பைத் தூக்கிப் பிடிக்கும் ஹார்மோன்களைச் சுரந்து சமாளிக்கும். படுத்தவுடன் தூங்கிவிடும், உண்மைதான். ஆனால் முன்னிரவில் வரும் ஆழ்ந்த தூக்கம் முடிந்ததும், ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் லேசான கட்டத்தில் எல்லாம் விழித்துக்கொள்ளும். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஒரே தூக்கப் பட்டினி போட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தானே எழுவார்கள்? ஒருத்தர் இன்னொருத்தரை எழுப்புவதாக உனக்குத் தெரிகிறது. அம்மாவின் அறைக்குப் போனாலும் சின்னவன் அதே நேரத்தில்தான் எழுவான். என்ன, அம்மாவின் தூக்கமும் சேர்ந்து போகும்.

இன்னொன்றும் கணக்கில் எடுத்துக்கொள். ஐந்து வாரம் முந்திப் பிறந்தவர்கள். தூக்கம், நடை, பேச்சு எல்லாவற்றுக்கும் வயதைப் பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும், இரண்டு வயது வரைக்கும். அப்படிப் பார்த்தால் இன்னும் பதினொரு மாதம்கூட நிறையவில்லை. பகலில் ஒரே தூக்கம் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு 14 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் வருவது. பெரியவள் நாலு நாள் காலையில் தூங்க மறுத்தாள் என்றால், அவள் எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள், படுக்கவைத்தால் கம்பியைப் பிடித்து நிற்கத்தான் பார்ப்பாள். அது கடந்துபோகும். இரண்டு வாரம் விடாமல் மறுத்தால்தான் ஒரே தூக்கத்துக்கு மாறுகிறாள் என்பதன் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் இரண்டு பேரில் யாருக்கு அதிகத் தூக்கம் வேண்டுமோ, அவர் பக்கம்தான் நிற்க வேண்டும். சின்னவனுக்கு இரண்டு தூக்கம் வேண்டும். பெரியவள் தூங்காவிட்டால் 20 நிமிடம் கட்டிலில் சும்மா படுத்திருக்கட்டும்.

இரண்டு பேருக்கும் நேரத்தைச் சேர்த்து வைப்பது என்றதும், அவர்கள் பிறந்த புதிதில் நாம் சண்டை போட்ட அந்த ராத்திரி உனக்கு ஞாபகம் வரும். எனக்கும் வருகிறது. பெரியவளுக்குப் பால் கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு நீ அப்படியே சுவரில் சாய்ந்தாய். சின்னவன் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான். நான் அவன் சுற்றுத்துணியைத் தளர்த்தி, உள்ளங்காலைக் கட்டைவிரலால் வருடினேன். அவன் கால்விரல்கள் விரிந்தன, கண் திறக்கவில்லை. இரண்டாவது தடவை வருடும்போது நீ என் கையைத் தட்டிவிட்டாய். "தூங்குற பிள்ளையை எழுப்ப உனக்கு எப்படி மனசு வருது? உனக்கு ஒத்தைப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்?" வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. "இப்ப எழுப்பாட்டி இன்னும் முக்கால் மணியில அவனே எழுந்து உன்னை எழுப்புவான், அப்புறம் என்னைக் கூப்பிடாதே" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அதற்கு மன்னித்துக்கொள். பத்து மணி நேரமாகக் கண் மூடாதவளிடம் அந்தக் குரலில் பேசியிருக்கக் கூடாது. ஆனால் எழுப்பியதற்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன். முந்திப் பிறந்த குழந்தை பசித்தால் தானாக எழும் என்று நம்பி விட முடியாது. எடை ஏறும் வரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். அதோடு, ஒருத்தர் எழுந்த அரை மணிக்குள் இன்னொருத்தருக்கும் கொடுத்துவிட்டால்தான் தாய்க்கு இரண்டு மணி நேரமாவது சேர்ந்தாற்போல் கிடைக்கும். எனக்கு உன் பிள்ளைகளைவிட அன்று உன் கண்கள்தான் பயத்தைக் கொடுத்தன. பச்சைக் குழந்தைகள் வார்டில் இத்தனை வருடம் நிற்கிறவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நீ சொன்னது இன்னும் வலிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி. இப்போது செய்ய வேண்டியது.

காலை 6:30-க்கு நாள் தொடங்கட்டும். ஒருத்தர் எழுந்தால் அடுத்தவரை 20 நிமிடத்துக்குள் எழுப்பிவிடு, திரையை விலக்கி வெளிச்சத்தை உள்ளே விடு. உடம்பின் கடிகாரத்தைத் திருப்பிவைப்பது காலை வெளிச்சம்தான். முதல் தூக்கம் 9:45-க்கு, ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இரண்டாவது 2:15-க்கு, ஒன்றரை மணி நேரம். மாலை 4 மணிக்கு மேல் யாரும் தூங்கக் கூடாது, வண்டியிலோ தோளிலோகூட. ராத்திரி 7:45-க்குக் கண் மூடினால் மொத்தம் 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். இந்த வயசுக்குத் தேவை 12-லிருந்து 16 மணி நேரம். இந்த நேரங்களுக்கு ஒரேயடியாகத் தாவாதே. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் நகர்த்து.

படுக்கும் வேளையை நீ ஒருத்தியாகவே செய்து முடிக்கும்படி அமைத்துக்கொள், யார் கூட இருந்தாலும் சரி. உதவிக்கு ஆள் இருந்தால்தான் நடக்கும் என்கிற ஒழுங்கு, ஆள் இல்லாத முதல் நாளிலேயே உடைந்துவிடும். 7 மணிக்குப் பால், படுக்கையறைக்கு வெளியே, விளக்கு எரிகிற இடத்தில். நீ செய்வதில் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துவது இதுதான்: பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கவிடுவது. பாலோடு தூங்கிய குழந்தை நடு ராத்திரி லேசாக விழிக்கும்போது அதே பாலைத் தேடும், அது இல்லாமல் திரும்பத் தூங்கத் தெரியாது. பல்லுக்கும் கேடு. பால் முடிந்ததும் பல்லைத் தேய்த்துவிடு. பிறகு ஒருத்தரைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு இன்னொருத்தருக்கு டயப்பர், உடுப்பு மாற்று. 7:20-க்கு மங்கலான வெளிச்சத்தில் இரண்டு பேரையும் மடியில் வைத்து ஒரு புத்தகம், தினமும் அதே புத்தகமானாலும் பரவாயில்லை. 7:35-க்கு விழித்திருக்கும்போதே மல்லாக்கப் படுக்கவை. முதலில் பெரியவளை. சீக்கிரம் அடங்குகிறவளைப் படுக்கவைத்துவிட்டால் சின்னவனுக்கு உன் இரண்டு கையும் கிடைக்கும். நெஞ்சில் கை வைத்து, தினமும் ஒரே வாசகம் சொல்லிவிட்டு எழுந்துவிடு. இரண்டு பேரும் தனித்தனிக் கட்டிலில்தான் இருக்க வேண்டும். பிறந்தநாள் வரைக்கும் தலையணையோ போர்வையோ பொம்மையோ எதுவும் உள்ளே வேண்டாம். குளிருமோ என்று கையைத் தொட்டுப் பார்க்காதே, கை எப்போதும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். பிடரியைத் தொட்டுப் பார். அங்கே வியர்த்திருந்தால் உடுப்பு அதிகம்.

ராத்திரி சத்தம் வந்ததும் ஓடாதே. லேசான தூக்கத்தில் குழந்தை கண்ணை மூடியபடியே முனகும், கால் உதைக்கும், ஒரு வினாடி அழவும் செய்யும். அப்போது தூக்கினால் நாம்தான் எழுப்பிவிடுகிறோம். இரண்டு மூன்று நிமிடம் கேட்டுக்கொண்டிரு. அழுகை ஏறினால் போ, விளக்கைப் போடாமல் அதே கை, அதே வாசகம். ராத்திரிப் பாலை எடை காட்டி மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குறை. அவர் சரி என்றால் இரண்டு ராத்திரிக்கு ஒருமுறை 30 மில்லி. ஒரே சீராக இரைந்து வெளிச் சத்தத்தை மறைக்கும் கருவியைக் கட்டிலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, குறைந்த ஒலியில் வைத்தால் போதும். கட்டிலில் கட்டாதே.

முதல் மூன்று நாள் மோசமாகத்தான் இருக்கும். ஐந்தாவது ஆறாவது நாளில் ஒரு நல்ல ராத்திரி வரும், அடுத்த நாள் மறுபடி கெடும். அந்த நாளில்தான் எல்லோரும் கைவிடுவார்கள். இரண்டு வாரம் கொடு.

அம்மாவின் அறையை வீணாக்க வேண்டாம். பகலில் பயன்படுத்து. லேசான பகல் தூக்கத்தில்தான் ஒருத்தர் சத்தம் இன்னொருத்தரைக் கெடுக்கும், ராத்திரியில் அல்ல. சின்னவனின் பகல் தூக்கம் அங்கே நடக்கட்டும், ராத்திரி சேர்ந்தே இருக்கட்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து, இரண்டு வாரம் கழித்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் அப்போது பிரி. நான் மறுப்புச் சொல்லமாட்டேன். முடிவெடுக்கும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எல்லோரையும் கேட்டிருக்கிறாய்.

வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால் கோபப்படாதீர்கள். இவளுக்கு ஒரு வருடமாகத் தூக்கம் இல்லை. ராத்திரி ஒரு மணி வரை ஒருத்தர், அதற்குப் பிறகு இன்னொருத்தர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். முறை இல்லாதவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் இன்றைக்கே செய். அம்மா அனுப்பிய போட்டோவில் சின்னவன் எழுந்து நிற்கிறான், கம்பி அவன் வயிற்று அளவுக்குத்தான் வருகிறது. மெத்தைப் பலகையை அடித்தட்டுக்கு இறக்கு. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி விடு, பக்கத்தில் இருக்கிற இழுப்பறை அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கு. மாப்பிள்ளையிடம் சொல்.